வலது பக்க இருக்கை

மேட்டில் ஏறும்போது அந்த வண்டி போடும் சத்தம், விசில் வருவதற்குச் சற்று முன்னால் குக்கர் சீறுமே, அதேதான். காட்டேரி வளைவுக்குக் கீழே மூடுபனிக்குள் அந்தச் சீறல் கேட்டால், குன்னூரில் எங்கள் சரிவில் இருந்தவர்கள் எல்லாம் "கார்க்காரி வர்றா" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்து நிற்பார்கள். கார்க்காரி என் சித்தி, அம்மாவின் தங்கை. அமெரிக்காவில் நர்ஸாக இருந்தவள், கட்டிய கல்யாணம் முறிந்து ஊர் திரும்பியபோது நகை கொண்டுவரவில்லை, பட்டுப்புடவை கொண்டுவரவில்லை, கப்பலில் ஒரு குட்டிச் சிவப்புக் காரைக் கொண்டுவந்து இறக்கினாள்.

ஒரே ஒரு வருஷம், சில நூறு வண்டிகள் மட்டும் செய்து நிறுத்திக்கொண்ட வகையாம். அதற்குச் சாட்சியாக உள்ளே வரிசை எண் பொறித்த ஒரு தகடு இருந்தது. பார்க்க எலிக்குஞ்சுதான். ஆனால் பெரிய பெரிய வண்டிகளே மூச்சிரைத்து நிற்கும் எங்கள் மலையில், டர்போ என்று ஏதோ ஒன்று காற்றை அமுக்கி ஊட்டிவிடுவதால், அது மட்டும் இளைக்காமல் ஏறும். ஸ்டீயரிங் இடது பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரில் வருவது ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஐந்தாம் வகுப்பிலேயே எனக்கு "கிளீனரம்மா" என்று பட்டம் கிடைத்துவிட்டது. வழி இருந்தால் "போலாம், ரைட்!", வண்டி வந்தால் "ஓல்டு, ஓல்டு!", எல்லாம் பஸ் கண்டக்டர்களிடம் கற்றதுதான். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாண்டு உட்கார்ந்து வருவதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் அலறியதெல்லாம் தனிக் கதை. அந்த இருக்கையில் எனக்கு இருந்த கர்வம் அதற்குப் பிறகு எந்த நாற்காலியிலும் வரவில்லை.

அப்பாவுக்கு அந்த வண்டி கண்ணில் விழுந்த தூசி. "இது வாசல்ல நிக்கிற வரைக்கும் எவன் பொண்ணு கேட்டு வருவான்? வண்டி போகோணும், அப்பத்தான் வரன் வரும்" என்று காலையும் மாலையும் சொல்வார். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த சித்தி, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், "சரிங்க மாமா, வித்துருங்க" என்றாள். அப்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. வண்டி போனால் சித்தியும் போய்விடுவாள், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு காபி ஆற்றுவாள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

வாங்க வந்தவர் கோத்தகிரிப் பக்கத்து இலை ஏஜெண்ட். தோட்டம் தோட்டமாகப் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்குப் போடுகிறவர், ஜீப்பிலேயே பிறந்தவர் போலப் பேசுவார். பர்லியார் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான், பின்னால் சித்தி. மலைக்காரர்களுக்கு அப்போது ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, வண்டியைச் சும்மா உருட்டிவிடுவார்கள். "எறக்கத்துக்கு எதுக்குங்க பெட்ரோல்?" என்று சொல்லிக்கொண்டே அவரும் சாவியைத் திருப்பினார். அவருடைய பழைய ஜீப் அதைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்கவில்லை; இதன் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் எஞ்சின்தான் பலம். ஸ்டீயரிங் கனத்துப்போனது, இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக்கும் கல்லாக இறுகிவிட்டது. வளைவில் ஒரு பஸ் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. "ஓல்டு! ஓல்டு! ஓல்டு!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். சித்தி பின்னாலிருந்து பாய்ந்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி ஓரத்து வாய்க்காலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது.

பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிய கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பச்சப்புள்ளைகிட்டயா வண்டியக் குடுத்து ஓட்டச் சொல்றீங்க? அறிவு வேண்டாமுங்களா?" என்று ஏஜெண்டைப் பிடித்து விளாசினார்.

பஸ்ஸில் வந்தவர்கள் தூக்கி விட்டதும் சித்தி ஸ்டீயரிங்குக்கு வந்தாள். ஏஜெண்ட் பின்னால் ஏறிக்கொண்டார். மேலே ஏறத் தொடங்கி அந்தச் சீறல் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏனுங்ணா, வாங்கிக்கறீங்களா?"

"சாமி, ஆளை உடுங்க. எறங்கறதுக்குக்கூட எஞ்சின் உசுரோட இருக்கோணுங்குது இந்த வண்டி!"

சித்தி சிரிப்பை நிறுத்தினாள். "எறங்கறதுக்குக்கூட உசுரோட இருக்கோணும்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் அப்பாவிடம் நேராகப் போய், "மாமா, வண்டியக் குடுக்கலீங்க. வர்ற வரன் இதையும் பாத்துட்டே வரட்டும்" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். "அவ சொல்றதுதானுங்க சரி" என்று சொல்லிவிட்டு அம்மா டீ போடப் போய்விட்டாள். நான் போய் என் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வரன்களும் வந்தார்கள், வராமல் என்ன! வலது பக்கம் உட்கார்ந்து "ரைட்" சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சித்தி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிரசவ வலி கண்டவர்கள் அந்தச் சீறல் கேட்டதும், "நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று மூச்சு விடுவார்களாம்.

இப்போது கிளட்ச் மிதிக்கச் சித்தியின் முழங்கால் விடுவதில்லை. "வித்துரலாம் கண்ணு" என்று அவளே சொன்னாள். இந்த முறை முகம் தெளிவாக இருந்தது. படம் எடுத்து நெட்டில் போட்டேன். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கூப்பிட்டவர்கள் எல்லாம் தகட்டில் உள்ள எண்ணைக் கேட்டார்கள். சித்தி அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வலது பக்கம் யாருங்க உக்காருவாங்க?" துணி போட்டு மூடிப் பத்திரமாக வைப்போம் என்றவர்களிடம் போனையே வைத்துவிட்டாள். கடைசியில், மசினகுடியில் சஃபாரி ஜீப் ஓட்டும் ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவங்கதானுங்க. ஊட்டுல உட்டுட்டுப் போனா சண்டைக்கு வர்றாங்க" என்றாள். சித்திக்கு அவளைப் பிடித்துப்போனது.

அப்பா இப்போது இல்லை. எஞ்சினை அணைத்து உருட்டுகிறவர்களும் இல்லை. நாளை முதல் எங்கள் சரிவில் அந்தச் சீறலும் கேட்காது. அதை நினைத்துக்கொண்டு, அந்தப் பெண் ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய வண்டியின் பின்னிருக்கையில் சித்தியோடு உட்கார்ந்திருந்தேன். மேட்டில் ஒரு லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், "போலாம்" என்று என் வாய் தொடங்கிவிட்டது. சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீ சும்மா இரு கண்ணு. அவங்க சொல்லட்டும்."

வலது பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு, "ரைட்டு, அம்மிணி" என்றார். வண்டி சீறிக்கொண்டு ஏறியது.