மாரிஸ் அண்ணனின் பனிக்காலம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மாரிஸ் அண்ணன் பனி வெட்ட உட்காருவார். அது சுழன்றால் மேசையில் கிடக்கும் காகிதப் பனிப்பூக்கள் கூடம் முழுக்கப் பறந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் நான்காம் மாடியில், பிற்பகல் வெயிலில், கழுத்தில் துவாலையோடு அவர் குளிர்காலத்தைத் தயாரிக்கிறார். "பனிக்கும் எனக்கும் ஒரே சம்பந்தம் இந்தப் பனியன்தான் டீச்சர்" என்பார் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம்.

தொழில், கார் ஏர்கோன் பழுதுபார்ப்பது. "ஊர்ல உள்ள காரையெல்லாம் ஜில்லுன்னு ஆக்குறேன். என் வீட்ல ஒரு ஃபேன் போட முடியல. பானாஸ் லா, வெக்கை தாங்கல, நீங்க கதவுகிட்டயே உக்காருங்க."

மரம், குன்று, வீடு, பனிப்பூ என்று ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உலோக அச்சு ஒன்று உண்டு. அதைத் தாளின்மேல் வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே கொடுத்து, சிறிய எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினால் மறுபக்கம் மரம் வெட்டுப்பட்டு வரும். பின்னால் நீலக் குன்று, அதற்கு முன் சாம்பல் மரங்கள், அதற்கும் முன் வெள்ளை மரங்கள். அடுக்குகளுக்கு இடையில் பஞ்சு டேப் ஒட்டி உயர்த்தினால் வாழ்த்து அட்டைக்குள் ஒரு காடே எழுந்து நிற்கும். நிற்க வேண்டும். அண்ணன் கையில் அது புயலடித்து ஓய்ந்த காடாகத்தான் நிற்கிறது.

கம்ப்ரஸர் கழற்றிப் பழகிய விரல்கள். பனிப்பூவை எடுக்கப் போனால் அது விரலோடு ஒட்டிக்கொள்ளும். உதறினால் மூக்கில் போய் உட்காரும். புருவத்து வியர்வை அட்டையில் சொட்டினால், "அலாமாக், பனி உருகிருச்சு" என்று துவாலையால் ஒற்றுவார். வெள்ளைக் குன்றின்மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கும். "கரடி நடந்த தடம்னு சொல்லிக்கலாம். போலீஸ்காரன் பாத்தா மட்டும் மாட்டிக்குவேன்."

எந்திரம் அவருடையதல்ல, மனைவி கெர்ட்ரூட் அக்காவுடையது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கிள்ளான், காப்பார் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அக்கா செய்த அட்டைகள் போகும். அண்ணனுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை தபால்தலை ஒட்டுவது. அதையும் கோணலாக ஒட்டி ஏச்சு வாங்குவார்.

ஆகஸ்டில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. "இந்த வருஷம் கார்டு வேணாம்" என்று எந்திரத்தைப் பெட்டியில் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். அதன்பிறகு எதையுமே அவர் குறை சொல்வதில்லை. அண்ணன் சோற்றைக் குழைத்துவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

அண்ணன் பெட்டியைப் பிரித்தது அதனால்தான். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "அவ என்னை ஏசணும் டீச்சர். கல்யாணம் ஆனதுலேருந்து ஏச்சு வாங்கியே வளந்த உடம்பு இது. இப்ப வீடு அமைதியா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை உதவுகிறேன் என்று போய், இரண்டு பனிப்பூக்களைக் கிழித்துவிட்டு, நானும் ஒதுங்கி உட்கார்ந்தேன். மேசைக்கு எதிரே அக்கா, செயலற்ற கையை மடியில் வைத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வெள்ளை மரத்தை அழுத்தி ஒட்டினார். பெருமையாக நிமிர்ந்தார். "எப்படி?"

மரத்தின் உச்சி பனிக்குள் புதைந்திருந்தது. அடிப்பாகம் வானத்தில் நின்றது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்தேன்.

"ஏங்க, மரம் தலைகீழா நிக்குது, தெரியலையா?"

அக்காவின் குரல்தான்.

"கண்ணாடி எங்க? இவ்ளோ டேப்பா ஒட்டுவாங்க? உங்களை நம்பி காரைக் குடுக்கிறாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும். இங்க தள்ளுங்க."

இடது கை மேசைமேல் வந்தது. நகத்தால் மரத்தின் ஓரத்தை நெம்பினார், வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி நெம்பினார். மரம் பிய்ந்து, பாதிதான் கையோடு வந்தது. அதைத் தன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சுத்த மோசம்" என்றார்.

அண்ணன் அடுத்த அட்டையை எடுத்தார். வேறொரு வெள்ளை மரத்தை விரல்நுனியில் இப்படியும் அப்படியும் திருப்பி, நன்றாகப் பார்த்து, உச்சியைக் கீழே வைத்து ஒட்டினார். பிறகு அதை அக்காவின் இடது கைப்பக்கம் மெல்லத் தள்ளிவைத்தார்.