தொட்டுப் பார்க்கும் அறையில் இன்னொருத்தி

நேசமலரை அறிந்த ஒருவரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்லமாட்டார்கள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் அவள். வெள்ளவத்தையில் அவள் குடும்பம் இருந்த ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்குத்தான் இது நடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, மின்வெட்டுக் காலத்தில், கொட்டாஞ்சேனையில். அதுவும் பட்டப்பகலில்.

அந்த வருடத் தொடக்கத்தில் கொழும்புக் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்தது. நேசமலரின் தங்கை அருந்ததி அங்கே ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தட்டெழுத்து வேலை செய்தாள். காலையில் வேலைக்குப் போனவள் பெட்டியில் திரும்பி வந்தாள். பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. எப்படி இறந்தாள், எந்த இடத்தில் கிடந்தாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்குள் பொலிஸார் வீட்டுக்கு வந்தார்கள். இறந்தது தமிழ்ப் பெண் என்றபடியால் கேள்விகள். யாரோடு பழகினாள், யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்து தங்கினார்கள், அன்றைக்கு ஏன் வழக்கத்தைவிட முந்தி வீட்டிலிருந்து கிளம்பினாள். தாய் இரத்தினம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தார். அதன்பிறகு ஒழுங்கையில் சிலர் அவர்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரத்தினம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை செத்த துக்கத்தையாவது அழுது தீர்க்கலாம். செத்த பிள்ளையைச் சந்தேகப்பட்டதை எங்கே போய் அழுவது?

நேசமலர் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை செய்தாள். பழைய துறைமுகச் சாமான்கள் நிறைந்த இடம். எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தன. அந்தக் குண்டுவெடிப்பில் ஜன்னல் கண்ணாடி சிதறிப் பார்வை இழந்தவர்கள் பலர். அவர்களுக்காக ஓர் அறை செய்யவேண்டும் என்று அவள்தான் நிர்வாகத்திடம் போய் நின்றாள்.

முதல் வேலையாகக் கண்ணாடி முழுவதையும் கழற்றினாள். பெட்டிகளில் மட்டுமல்ல, ஜன்னல்களிலும். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாள். சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு தும்புக் கயிறு கட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டே அறையைச் சுற்றி வரலாம். காலில் பாய் தட்டுப்பட்டால் அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். கப்பல்களைக் கையால் தடவிப் பார்க்கும் அளவில் மரத்தில் செய்வித்தாள். கறுவாப்பட்டை, தார், தேயிலை, கருவாடு என்று மணங்களைத் திறந்த தகரங்களில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தைத் தன் குரலிலேயே கசெற்றில் பதிந்தாள். வாசலில் இருந்த படிகளை இடித்து, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டாள். வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை அறை ஒரே மட்டம். ஒரு படிகூட இல்லை.

அறையைப் பரீட்சித்துப் பார்க்கப் பார்வை இழந்த இரண்டு பேர் வந்தார்கள். றேமண்ட், நாற்பது வயதிருக்கும், கொட்டாஞ்சேனைக்காரர், முன்பு கிளார்க். ஜவாஹிறா, கொம்பனித்தெருப் பெண், முன்பு தொலைபேசி இணைப்பாளர். எங்கே, எப்படிக் கண் போனது என்று நேசமலர் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டால் தன் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

வாசலில் றேமண்ட் நின்றுவிட்டார்.

“கண்ணாடி ஏதும் இருக்கா மிஸ்?”

“இல்லை. ஒரு துண்டும் இல்லை.”

அதன்பிறகுதான் உள்ளே வந்தார். கயிற்றைப் பிடித்தார். தார் மணத்தில் முகம் மலர்ந்தார். கப்பலின் பாய்மரத்தைத் தடவி, அது ஒரு பக்கம் சரிந்திருப்பதாகச் சொன்னார். உண்மைதான். நேசமலருக்குச் சந்தோஷமாக இருந்தது.

கறுவாத் தகரத்தைத் தாண்டியதும் றேமண்ட் தயங்கினார். வலது காலைத் தூக்கி, மெல்லக் கீழே இறக்கினார். படி இறங்குவதுபோல.

தரை மட்டமாகத்தான் இருந்தது.

பின்னால் வந்த ஜவாஹிறாவும் அதே இடத்தில் தயங்கினாள். அதேபோலக் காலை இறக்கினாள். பாய் தடிப்பாக இருக்கிறதாக்கும் என்று நேசமலர் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் பாயே இல்லை.

இரண்டரைக்கு மின்சாரம் போனது. கசெற் குரல் இழுபட்டு நின்றது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்ததால் அறை இருண்டது. அப்படியே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நேசமலர் முன்னறைக்கு ரோர்ச் எடுக்கப் போனாள். தேடி எடுத்து வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்தபோது அவர்கள் விட்ட இடத்தில் இல்லை. அறையின் மறுகோடியில், பின்வாசலருகே, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தடுமாறி வந்தவர்கள்போலத் தெரியவில்லை. நேசமலர் மன்னிப்புக் கேட்டாள். கரண்ட் வந்ததும் கசெற்றைத் திரும்பப் போடுவதாகச் சொன்னாள்.

“தேவையில்ல மிஸ்,” என்றார் றேமண்ட். “மற்ற மிஸ் எல்லாம் சொல்லித் தந்தாங்க.”

“எந்த மிஸ்?”

“உங்கட குரல் மாதிரித்தான். கொஞ்சம் இளங்குரல்.”

கட்டடத்தில் அன்றைக்கு வேறு பெண்கள் யாரும் இல்லை. ஜவாஹிறா தன் வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டு நின்றாள். அந்த மிஸ் தன்னைக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததாகவும், அந்தக் கை சில்லென்று இருந்ததாகவும் சொன்னாள்.

அந்த மிஸ் என்ன சொன்னாள் என்று நேசமலர் கேட்டாள். றேமண்ட், தான் பேசாத யாழ்ப்பாணப் பேச்சில், சொல் பிசகாமல் சொன்னார்.

“‘படி வருது. பயப்படாதேங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்.’”

நேசமலரின் வீட்டுப் பேச்சு அது.

அந்த வார்த்தைகளைத் தான் முன்பும் கேட்டிருப்பதாக றேமண்ட் சொன்னார். குண்டு வெடித்த அன்று. முகமெல்லாம் இரத்தம், புகை, ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்றபோது ஒரு கை வந்து பிடித்தது. மாடி மாடியாக இறக்கியது. வெளிக்காற்று முகத்தில் பட்டதும் விட்டுவிட்டது. அது யார் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தாராம். யாருக்கும் தெரியவில்லை.

“எனக்கும் அதே சொல்லுத்தான்,” என்றாள் ஜவாஹிறா. “அதே கைதான்.”

நேசமலர் கட்டடத்தின் பெயரைக் கேட்டாள். சொன்னார்கள். அருந்ததி வேலை செய்த அதே கட்டடம். றேமண்ட் ஐந்தாம் மாடி. ஜவாஹிறா நான்காம் மாடி.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மின்வெட்டு நேரத்தில் அவள் தனியாக அந்த அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சேலைத் தலைப்பால் கண்களை இறுகக் கட்டிக்கொண்டாள். கயிற்றைப் பிடித்தாள்.

வெளியே ஏதோ ஒரு கடையின் ஜெனரேற்றர் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கயிறு வழியே நடந்தாள். தார்... தேயிலை... கறுவா.

கறுவா மணம் சட்டென்று நின்றது.

வயர் எரிந்த நாற்றம் வந்தது.

ஜெனரேற்றர் சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

கையிலிருந்த கயிறு ஆடியது. மெல்ல. மறுமுனையை வேறு யாரோ பிடித்திருப்பதுபோல...

பிறகு ஒரு கை.

சில்லென்ற கை. அவள் விரல்களைக் கயிற்றிலிருந்து எடுத்தது.

காலை வைத்தாள். தரை இல்லை.

கீழே இறங்கியது கால். இன்னும் கீழே. இன்னொரு படி. இன்னொன்று...

“அரு. அக்காதான்.”

கை நின்றது.

பிடி இறுகியது.

“வெளியாலை போங்கோ அக்கா.”

அவ்வளவுதான். கை விட்டது.

அவள் கட்டை அவிழ்த்தபோது பின்வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். யார் கதவைத் திறந்தார்கள் என்று தெரியவில்லை. பல மாடிகள் இறங்கியதுபோல முழங்கால்கள் வலித்தன. அந்த அறையில் அழாத அழுகையை அங்கே நின்று அழுதாள். அருந்ததி தான் தப்பி ஓடாமல் மேலே ஏறிப் போயிருக்கிறாள், மற்றவர்களை இறக்கிவிட்டு, திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள் என்றுதான் அப்போது அவள் நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை றேமண்ட் வெள்ளவத்தைக்கு வந்தார். அருந்ததியின் படத்தை விரல்களால் தடவினார். இரத்தினம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, ஒழுங்கையே கேட்கும்படி, சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார். இந்த வீட்டுப் பிள்ளைதான் தன்னைக் காப்பாற்றியவள் என்று. அன்றைக்கு இரத்தினம்மா தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். அதன்பிறகு பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் அதையே சொன்னார். அந்தத் தாயை உயிரோடு வைத்திருந்தது அதுதான்.

அறை திறந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு பிற்பகல், ஊன்றுகோல்களோடு ஒருவர் சாய்தளத்தில் ஏறி வந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பெயர் ஹெக்டர் என்றார். அருந்ததிக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவராம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் வரமுடியவில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். அவளுடைய கடைசி நேரத்தைப் பற்றி வீட்டாருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று வந்ததாகச் சொன்னார்.

நேசமலர் அவரை உட்காரவைத்தாள். தங்களுக்குத் தெரியும் என்றாள். ஐந்தாம் மாடி, நான்காம் மாடி, கைப்பிடித்து இறக்கியது எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹெக்டர் தலையசைத்து மறுத்தார்.

“இல்ல மிஸ்,” என்றார். “வெடிச்ச அந்த நிமிஷமே அவங்க போயிட்டாங்க. நான்தான் கண்ண மூடி விட்டன்.”

நேசமலர் கையிலிருந்த கசெற்றைக் கீழே வைத்தாள்.

“என்ட கால் மேல சுவர் விழுந்து கிடந்திச்சு. அசைய முடியல்ல. ஆக்கள் வந்து தூக்கும் மட்டும் அவங்களுக்குப் பக்கத்திலதான் கிடந்தன்.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். “அவ்வளவு நேரமும் அவங்கட கை என்ட கைக்குள்ளதான் இருந்திச்சு. நான் விடவே இல்ல மிஸ்.”