என் பெயர் இல்லாத ஜெபம்

ஜெபத்தில் என் பெயர் வர வேண்டிய இடத்தில் அப்பா ஒரு கணம் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு என்னைத் தாண்டி, அண்ணன் மகனுடைய காய்ச்சலுக்குப் போய்விட்டார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். அப்பா பாயில் மண்டியிட்டு, இரண்டு கையையும் நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியிருந்தார். எனக்குக் கல்யாணமாகி அன்று ஒன்பதாவது நாள். பதிவாளர் அலுவலகத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும், அன்று மத்தியானம் எனக்குப் பிடிக்கும் என்று வஞ்சிர மீன் வாங்கி வந்தவரும் இதே அப்பாதான். கையெழுத்துப் போட்டவர் எதற்காகப் பெயரை விட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் எட்டு மணி என்றால் எட்டு மணிதான். அப்பா திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து, டீக்கடையில் நிற்கிற டிரைவரை விசிலடித்துக் கூப்பிட்டு அனுப்பி வைக்கிற வேலை. அந்தப் பழக்கம் ஜெபத்திலும் ஒட்டிக்கொண்டது. முதலில் அம்மா, அடுத்து அண்ணன், அப்புறம் நான், அதன் பிறகு உறவுக்காரர்கள், கடைசியில் ஊர். வரிசை மாறாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவருக்கு வேண்டியதைக் கேட்டு, அனுப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவார்.

நேருக்கு நேர் யாரையும் அவர் திட்டியதில்லை. நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டில் கத்திவிட்டு வருவதால் வீட்டில் குரல் எழும்பாது என்று அம்மா சொல்வாள். திட்டெல்லாம் ஜெபத்தில்தான் வரும். அண்ணன் பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு நாள், "சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கிற உம்முடைய பிள்ளைக்கு நல்ல நுரையீரலைத் தாரும் ஆண்டவரே" என்று கேட்டார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கணக்கில் நான் தேறாமல் போனதும் எனக்கு முன்னாலேயே கர்த்தருக்குத் தெரிவிக்கப்பட்டது. குழம்பில் உப்பு கரித்த அன்று அப்பா அதையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். அடுத்து ஜெபிக்க வேண்டிய அம்மா விடவில்லை. "உப்பு ஜாஸ்தியான ஒரு நாளை ஞாபகம் வைத்துக்கொண்டு, சரியாக இருந்த முந்நூறு நாளை மறந்துவிடுகிறவர்களுக்கும் நல்ல மனதைத் தாரும்" என்றாள். அப்பா ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படி வளர்ந்தவளுக்கு, ஜெபத்தில் திட்டு வாங்குவது ஒரு பொருட்டே இல்லை. பெயரே வராமல் போவதுதான் என்ன செய்வதென்று தெரியாத விஷயமாக இருந்தது.

என் கணவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற விவசாயக் குடும்பம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொண்டோம். அவர் பௌர்ணமிக்கு மலை சுற்றுவார், நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், ஒருவரை ஒருவர் இழுப்பதில்லை. என் மாமியார் பொங்கலன்று படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் எனக்கென்று எடுத்து மூடி வைத்துவிடுவார். "சாமிக்குக் காட்டறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேம்மா, நீ தாராளமா துன்னு" என்பார். இந்த ஏற்பாட்டை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் சபையில்தான் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிட்டார். தீபத்தன்று ஊருக்குள் வண்டி வராது என்று அவருக்காக ரிங் ரோடு வரைக்கும் நடந்து போய்க் காத்திருந்தார்.

ஆனால் எட்டு மணி ஆனதும் நாங்கள் இருவரும் இல்லாமல் போய்விடுவோம். எனக்கு மகள் பிறந்த பிறகு அவள் பெயர் வரிசையில் ஏறியது. அவளுடைய பல்லுக்கும் பேதிக்கும் தவறாமல் ஜெபம் நடந்தது. அவளைப் பெற்றவர்கள் என்று யாரும் அதில் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். இன்றைக்கு வரும், இன்றைக்கு வந்துவிடும் என்று நினைப்பேன். சிறுநீரகத்தில் கல் வந்த கண்டக்டர் வருவார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாவின் கண்புரை வரும். பௌர்ணமி என்றால், மலை சுற்ற வந்த ஜனங்கள் எல்லாரும் கால் வலி இல்லாமல், வண்டியில் உட்கார இடம் கிடைத்து, பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று மனமுருகிக் கேட்பார். மலை சுற்றப் போன என் கணவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். அப்படிப் பொதுவில் அவருக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். லட்சம் பேருக்கு இடம் இருக்கிற ஜெபத்தில் பெற்ற மகளுக்கு ஸ்டாண்டிங் கூட இல்லையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆத்திரத்தோடு ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். அப்பா தன் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்து என் தட்டில் வைப்பார்.

அம்மாவிடம் கேட்டேன். "நான்தான் சொல்றேனே, அவரு விட்டா இன்னா" என்றாள். உண்மைதான். அப்பா முடித்ததும் அம்மா தன் முறையில் என் பெயரை அழுத்தந்திருத்தமாகச் சொல்வாள். "விட்டுப்போனவர்களையும் சேர்த்துக்கொள்ளும்" என்று ஒரு குத்தும் இருக்கும். அப்பா அசைய மாட்டார். எனக்கு அம்மா சொன்னது போதவில்லை. இப்படிச் சொல்வது தப்புதான், ஆனால் அதுதான் உண்மை.

மகள் நான்காவது படிக்கும்போது எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் வைத்தார்கள். பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அன்று காலை அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மாமியார் முந்தின நாளே வந்துவிட்டார். வந்தவர் ஒரு விபூதிப் பொட்டலத்தை என் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு, "நீ இட்டுக்க வேணாம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என் பேரச் சொல்லிப் பண்ணுங்கப்பா. இல்லன்னா வேணாம்" என்றேன்.

அப்பா கையிலிருந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். "உன் பேரச் சொன்னா நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குது பாப்பா. அத மனசுல வெச்சிக்கினு வேற எதுனா கேட்டா, அவருக்குத் தெரியாதா? அத கேட்டா குடுத்துடுவாரு. நான் கேட்டு இதுவரைக்கும் இல்லன்னு சொன்னதில்ல. குடுத்துட்டாருன்னா அப்புறம் உன் வீடு இன்னா ஆவறது? தம்பி இன்னா ஆவறது?"

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் கேட்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சபையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒன்று மாப்பிள்ளை கிறிஸ்தவராக வேண்டும், இல்லையென்றால் மகள் திரும்பி வர வேண்டும். கேட்காமல் இருப்பது விசுவாசத்துக்குத் துரோகம், கேட்டால் மகள் குடும்பத்துக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே போகாமல் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். எவ்வளவு பெரிய விசுவாசம் இது என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆண்டவரைப் பார்த்து இப்படிப் பயப்படுவது என்ன விசுவாசம் என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

அதன் பிறகு அவர் ஜெபித்தார். டாக்டரம்மாவின் பத்து விரலையும் ஆசீர்வதியும் என்று தொடங்கினார். மயக்க மருந்து கொடுக்கிறவர் வீட்டில் இன்று சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கட்டும் என்றார். நர்சுகள், கத்தி, ஊசி, தையல் போடுகிற நூல், கரண்டு போகாமல் இருப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருடைய முதுகு, இந்தக் கட்டில், இந்தப் போர்வை, "தலையணைக்கடியில் ஒரு தாய் வைத்த அன்பு" வரைக்கும் எதையும் விடவில்லை. என்னைச் சுற்றி அத்தனையும் பெயர் பெயராக வந்தது. நடுவில் நான் மட்டும் வரவில்லை. மாமியார் கை கூப்பிக்கொண்டு நின்றார். கடைசியில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமென் சொன்னதும் அவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆத்திரம் போய்விட்டது, குழப்பம் போகவில்லை. என்மேல் இருந்த பாசத்தால் கடவுளிடமே ஒன்றை மறைத்தவர் என்று பெருமைப்படுவதா? ஒரு நாளாவது என் பெயரை அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேனே, அந்தச் சின்னச் சந்தோஷத்தைக்கூடக் கொடுக்காமல் விட்டாரே என்று வருத்தப்படுவதா? சில நாள் இது, சில நாள் அது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் ஜெபத்தில் என் பெயர் வந்ததா என்று, அடக்கமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வெட்கத்தை விட்டு அம்மாவிடம் கேட்டேன். வரவில்லை என்றாள்.

அம்மா இப்போது வேங்கிக்காலில் எங்களோடு இருக்கிறாள். எட்டு மணி ஜெபமும் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மகளும் நானும் பாயில் உட்காருவோம். கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, முடிகிறவரை சும்மா இருப்பார். போன மாதம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னதை முதல் முறையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அவருக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றாள். "நான் கேட்டேன். விடியக்காலம் அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடி தினம் அதத்தான் கேட்டேன். மாப்ள வரணும், இல்லன்னா நீயாவது வந்துடணும்னு. குடுக்கலையே."

கையில் இருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றது. அப்பா எதைச் சொன்னால் என் வீடு இடிந்துவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாரோ, அவர் வீட்டிலேயே அதை அம்மா தினமும் காபி போடுவதற்கு முன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பவும் கேக்கறியாம்மா?"

"தினம் கேக்கறதில்ல. எனக்கு பிபி மாத்திர எடுத்துக் குடுக்கறதே மாப்ளதான். ஞாயித்துக்கிழம மட்டும் கேக்கறேன்."

இவர்கள் இரண்டு பேரில் யாருக்கு விசுவாசம் ஜாஸ்தி, யாருக்குக் கம்மி என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்பியவர் கேட்கவே இல்லை. கேட்டுக் கேட்டுக் கிடைக்காதவள் மாப்பிள்ளை கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போன வாரம் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நீயே பண்ணு என்று சைகை காட்டினாள். நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவின் தொண்டை, மகளின் பரீட்சை, அண்ணன் குடும்பம், மாமியாரின் மூட்டு வலி. அடுத்து கணவர் பெயர் வர வேண்டும். அவருக்காக என்ன கேட்பது? அம்மா கேட்பதையா? அது எனக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து வருவதற்கு என்ன அர்த்தம்? அதைக் கேட்காமல் பிரமோஷன் கொடும், சர்க்கரையைக் குறைத்தருளும் என்று கேட்டால் ஆண்டவருக்குத் தெரியாதா? ஒன்றும் ஓடாமல் ஆமென் என்று முடித்துவிட்டேன்.

மகள் எழுந்து போனாள். கணவர் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார், சத்தத்தைக் கூட்டவில்லை.

"எல்லார் பேரும் வந்துது. என் பேரு வரலையே" என்றார்.

தினமும் அவர் தன் பெயருக்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "உங்களுக்கு இன்னா கேக்கறதுன்னு தெரியலைங்க" என்றேன்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணும் கேக்க வேணாம். பேர மட்டும் சொல்லு" என்றார்.

அப்படி ஒரு ஜெபம் உண்டா என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் தொண்டையைக் காட்டி, பேச முடியாது என்று கையை ஆட்டினாள். நான் மறுபடியும் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் பெயரைச் சொன்னேன்.