கிளுவை வேலியும் மூணாம் நம்பர் மிக்ஸ்சரும்

கம்பவுண்டர் உத்தியோகத்துக்குக் கைராசி வேண்டும் என்பார்கள்; என் அனுபவத்தில் முதலில் வேண்டியது நல்ல மூக்கு. தருமாஸ்பத்திரியில் மருந்துதான் இலவசமே தவிர, சீசா இலவசம் இல்லை. அதை வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். அந்தச் சீசாவில் முன்பு இருந்தது விளக்கெண்ணெயா, வேப்பெண்ணெயா, லாந்தருக்கு ஊற்றும் மண்ணெண்ணெயா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் பாதி ஆயுள் போய்விடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யுத்த காலத்தில் நான் புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தேன். ஓர் அறை, ஒரு பெஞ்சு, ஒரு தராசு, நான். வீடும் அதை ஒட்டியே. டாக்டர் வாரம் ஒருமுறை வருவார், அதுவும் வண்டி கிடைத்தால். மருந்து வரத்துக் குறைந்துபோய், அலமாரியில் மிச்சம் இருந்தது பெரும்பாலும் மூணாம் நம்பர் மிக்ஸ்சர். இருமலுக்கும் அதுதான், வயிற்றுக்கும் அதுதான். நிறம் மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பேன்.

எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு கவலை. கூட்டம் வராத இந்த ஆஸ்பத்திரியை எருமப்பட்டிப் பக்கம் மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் என் மனைவி சரசு உண்டாகியிருந்தாள். தாய் வீடு ராசிபுரம், பக்கம்தான். அவளைச் சாமான் செட்டோடு கட்டை வண்டியில் ஏற்றி, முன்பின் தெரியாத ஊருக்குக் கூட்டிப் போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கு மூணாம் நம்பரும் கேட்கவில்லை.

கூட்டம் வராததற்குக் காரணம் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்தது. அது செல்லாயக்காவின் வேலி. செல்லாயக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். நாலு ஏக்கர் காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளுவைச் செடி நட்டு வளர்த்த வேலியில் தூதுவளையும் முடக்கத்தானும் படர்ந்து கிடக்கும். மூலைக்கு மூலை ஆடாதோடையும் நொச்சியும். ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் அந்த வேலிக்குத்தான் போவார்கள். அங்கே கேட்காததுதான் எனக்கு.

பங்கு போட்ட மருந்து

நாச்சிமுத்துக் கவுண்டர் வயிற்றுவலி என்று வந்தார். சீசாவை மோந்து பார்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மிக்ஸ்சர் ஊற்றினேன். காகிதத்தை வேளைக்கு ஒரு பல்லாக வெட்டிச் சீசாவின்மேல் ஒட்டி, "ஒரு வேளைக்கு ஒரு கோடு, நாலு நாளைக்கு வரும்" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே காலிச் சீசாவோடு வந்து நின்றார். நான் பதறிப்போனேன். முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டாரோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். வீட்டுக்குப் போனதும் மருந்தை ஒரு சட்டி மோரில் கலந்து, மனைவிக்கும் மருமகளுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்து, மந்தமாக நின்ற செவலைக் காளைக்கும் மூங்கில் குழாயான கொட்டத்தில் புகட்டியிருக்கிறார். காளைதான் நன்றாக அசைபோடுகிறதாம். "மனுஷனுக்குக் கொடுத்த மருந்தை மாட்டுக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று கோபமாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வளர்ப்பின்மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

"சும்மா குடுத்த மருந்தை ஒருத்தனே ஒளிச்சு வெச்சுக் குடிச்சா ஞாயமுங்களா?"

சர்க்கார் வாயால் ஒரு வார்த்தை

ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளி வந்தார். தறிக்குழியில் இறங்கும்போது மிதிகட்டை இடித்துக் கால் கிழிந்துவிட்டதாம். கால் கால் மாதிரியே இல்லை. உரித்த பனங்காய் அளவுக்குத் துணி சுற்றியிருந்தது. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உடனே நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பழைய வேட்டிக் கிழிசல். அதன்கீழே ஆமணக்கு இலை. அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும். அதற்கடியில் குப்பைமேனி, அதற்கும் அடியில் வேப்பெண்ணெய்ப் பிசுக்கு. யார் யார் என்னென்ன சொன்னார்களோ எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டியிருக்கிறார். பழசை எடுத்தால் வீணாகிவிடுமே! சுரண்டித் துடைத்து அசல் காலைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அங்கே ஒரு சிவப்புத் தழும்பு இருந்தது. புண்ணைக் காணோம்.

"ஆறித்தானே போயிருக்கிறது, எதற்கு இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்றேன். அவர் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆறிப்போச்சுன்னு சர்க்கார் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நாளைக்குத் தறியில உக்காந்துருவேனுங்க."

வீட்டிலேயே ஒரு துரோகம்

அந்த ஐப்பசி மழையில் எனக்கே இருமல் பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் இருமினால் மருந்தை யார் நம்புவார்கள்? வேளை தவறாமல் மூணாம் நம்பரைக் குடித்தேன். பத்து நாள் ஆகியும் இருமல் நகரவில்லை. பிறகு திடீரென்று மூன்றே நாளில் விட்டுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் மார்பைத் தட்டிக் காட்டி, "பார்த்தீர்களா, எல்லாம் இந்தச் சீசா செய்த வேலை" என்று அளந்துகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ரசத்தில் ஏதோ பச்சையாக மிதந்தது. கையால் எடுத்தால் தூதுவளை இலை, அதில் ஒரு சின்ன முள். சரசு சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் மாறிப்போய்க் கொஞ்ச நாள் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் விளக்க உமிக்கரி, தலைக்கு அரப்பு, வாந்திக்கு எதிர்வீட்டு நார்த்தங்காய். சோப்பு டப்பாவில் வெந்தயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரன் வீட்டுக்குள்ளேயே அந்த வேலி படர்ந்துவிட்டது! "அப்போ என் மிக்ஸ்சர்?" என்று கேட்டேன்.

"நீங்க குடிச்சது மூணு நாளா வெல்லத் தண்ணிங்க. மிக்ஸ்சரைக் கத்திரிச் செடிக்கு ஊத்துனேன், அதுவும் வாடிப்போச்சு."

விண்ணப்பம்

தை மாதம் கடிதம் வந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரி இங்கே இருப்பதா, எருமப்பட்டிப் பக்கம் போவதா என்று அன்றைக்கே எழுதிவிடுவார். சரசுவுக்கு அது ஆறாம் மாதம். கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செல்லாயக்காவின் வேலியோரம் போய் நின்றேன்.

அவர் கஷாயம் வடித்த சக்கையை முருங்கை மரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தார். எதையும் வீணாக்காத கை அது. நான் மென்று விழுங்கி, "அக்கா, ஆஸ்பத்திரியை மாற்றப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் உங்களிடம் வருகிறவர்களை எல்லாம் என்னிடம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். இத்தனை நாள் அவர் மருந்தை நான் பேசாத பேச்சு இல்லை. அவர் அதில் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எந்தெந்த நோவுல எத்தனை பேரு வேணும்னு சொல்லுங்க சாமி."

ஊரே சௌக்கியம்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் சீசாவோடு வரிசை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நோயாளியிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் கையைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதலில் நின்ற நாச்சிமுத்துக் கவுண்டரிடம் சிரித்தபடி, "என்ன, சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கறேனுங்க. உங்க ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்றார் கவுண்டர். அடுத்தவர், காய்ச்சலில் உடம்பு நடுங்க நின்றவர், அவரும் நல்லா இருக்கறேனுங்க. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாள், அவரும் அப்படியே. எங்கள் பக்கத்தில் குசலம் விசாரித்த பெரிய மனுஷரிடம் எடுத்த எடுப்பில் நோவைச் சொல்வது மரியாதை இல்லை. கேட்டவருக்கும் ஆகாது என்பார்கள். அதனால்தான் நான் எப்போதும் 'ஒடம்புக்கு என்ன பண்ணுது?' என்று கேட்பேன். அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லி வைக்காதது என் புத்திக் கோளாறு. குறுக்கே வாயைத் திறந்தேன். "நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்காதேய்யா" என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார். பாதி வரிசை முடிந்ததும் பேனாவை மூடினார். "ஊரே சௌக்கியமா இருக்கு. இங்கே ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார். எனக்குக் கட்டை வண்டியின் சத்தம் காதில் கேட்டது.

அப்போது கடைசியில் நின்ற செல்லாயக்கா வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டா வேற என்னுங்க சொல்றது? ஒடம்புக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டுப் பாருங்க சாமி, அப்புறம் நீங்க பொழுதோட ஊடு போய்ச் சேரமாட்டீங்க!"

வேலிக்கு அந்தப் பக்கம்

கேட்டார். அவ்வளவுதான். முப்பது பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். காய்ச்சல், கைகால் குடைச்சல், எட்டு வருஷத்துத் தலைவலி, வராதவர்களின் நோவு, செவலைக் காளையின் மந்தம் எல்லாம் வந்தன. பாதிப் பேர் போனபோதே பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் வேர்த்து விறுவிறுத்துப்போய் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கட்டும், இந்த ஊருக்குக் கம்பவுண்டர் ஒருவர் போதாது என்று எழுதியிருந்தார்.

அவர் வண்டி போனதும் நேரே வேலியோரம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். அதற்குப் பதிலாக, நெடுநாளாக மனசை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "அக்கா, உங்கள் வேலியிலேயே எல்லாம் இருக்கிறதே, இந்த ஆஸ்பத்திரி போனால் உங்களுக்கு என்ன?" செல்லாயக்கா ஒரு கை தூதுவளையைக் கிள்ளி, எங்கள் வீட்டுப் பக்கம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரி போனாப் போவுதுங்க சாமி. ஒம்பது வருசங் கழிச்சு உண்டாயிருக்கற புள்ளையைக் கட்டை வண்டியில குலுக்கிட்டுப் போவ நான் உட்ருவனா?"

அந்த ஊரில் ஏழு வருஷம் கம்பவுண்டராகக் குப்பை கொட்டியும், என் மகள் இருமினால் அவள் அம்மா என் அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலிக்குத்தான் நடந்தாள். சீசாவை மோந்து பார்த்துக் கழுவிக் கொடுக்கிற வேலை மட்டும் என்னிடமே இருந்தது.