பனி வாராமல் விட்ட இடம்

இது நான் கட்டிச் சொல்கிற கதை இல்லை. மார்லிஸ் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது. தேதி, கிழமை, மணி, நிமிடம் எல்லாம் தன் பேருந்து அட்டவணையை ஒப்பிப்பது போலச் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மார்லிஸ் கெட்டுனெனுக்கு வயது ஐம்பத்து மூன்று. அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கு மூன்று மைல் தள்ளி, செம்புச் சுரங்கம் மூடிப்போன ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தனி ஆள். பயந்த சுபாவம் கிடையாது. போன கோடையில்தான் ஓர் ஏஜெண்ட் மூலம் அந்த வீட்டை வாங்கினாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் ஒரு பலகைத் தளம். கதவிலிருந்து படி வரை பத்தடி. நான்கு படி இறங்கினால் முற்றம். இடப்பக்கம் மரவேலி. வேலிக்கு அந்தப்பக்கம் வெண்டல் பெல்கி என்கிற எழுபத்தொரு வயதுக்காரர்.

இலையுதிர் காலத்தில் மார்லிஸ் அந்தத் தளத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் இறங்காத எண்ணெயை இரண்டு முறை பூசினாள். அப்போது வந்து பார்த்த தச்சர்தான் எச்சரித்தார். தளத்தைச் சுவரோடு பிணைக்கும் நீளக் கட்டை உளுத்திருக்கிறது, போல்ட்டெல்லாம் துரு என்று.

"குளிர்காலம் போகட்டும், மாத்திடலாம். அதுவரைக்கும் மேல ரெண்டடிப் பனி நிக்க விடாதீங்க. விட்டா தளம் சுவரை விட்டுட்டு வந்துடும். நீங்க மேல நின்னா நீங்களும் கூடவே வருவீங்க."

அதனால் பனி விழ விழ வாரிவிடுவாள். இரும்பு வாரி பலகையைக் கீறும் என்று பிளாஸ்டிக் பனிவாரிதான். பலகை போகிற வாக்கிலேயே தள்ளுவாள். அடியில் விரல் கனத்துக்குப் பனியை விட்டுவிடுவாள். உப்புத் தூவ மாட்டாள், ஆணியை அரித்துவிடும்.

ஜனவரி 14, செவ்வாய். காலை 6.15-க்கு அவள் கிளம்பும்போது தளத்தில் முக்கால் அடிப் பனி. திரும்பி வந்து வாரலாம் என்று போனாள். 9.30-க்கு வந்து பார்த்தால்... யாரோ வாரியிருந்தார்கள்.

சுத்தமான வேலை. பலகை வாக்கில், விரல் கனம் விட்டு, அவளே வாரியது போல. ஒரே ஓர் இடம் மட்டும் பாக்கி. படிக்குப் பக்கத்தில் ஐந்தரை அடி நீளத்துக்குப் பனி அப்படியே கிடந்தது. வாரியவர் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்.

அவளுக்கு வெண்டல் மேல்தான் சந்தேகம். டிசம்பரில்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை. அவருடைய பனி எந்திரம் வாரி இறைப்பதெல்லாம் அவள் வேலி மேல் போய் விழும். ஈரப்பனி அழுத்தி நான்கு பலகை முறிந்துவிட்டது. சமாதானத்துக்கு வருகிறாரோ? இல்லை, வேறு ஏதாவது எண்ணமோ?

வேலியோரம் போய்க் குரல் கொடுத்தாள்.

"வெண்டல், என் தளத்துல பனி வாரினது நீங்களா?"

"நானா? என் முதுகு இருக்கிற லட்சணத்துல என் வாசப்படியையே வாரல. உன் வீட்டுக்கு வேற கூலிக்கு வர்றேனாக்கும்!"

"அப்ப யாரு வந்து வாரினது?"

"எவனோ புண்ணியவான் ஓசியில வாரிட்டுப் போயிருக்கான். கும்பிடு போட்டுட்டு உள்ள போம்மா. விசாரணை கமிஷன் வைக்கிறா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"முழுசா வாரியிருந்துதா?"

"இல்ல. படிகிட்ட ஒரு இடம் மட்டும் அப்படியே கிடக்கு."

வெண்டல் திரும்பி நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்லிஸ் அந்த மிச்சப் பனியைத் தானே வாரினாள். அடியில் பலகை மேல் மெல்லிய பனிக்கட்டி, நடுவில் லேசாகக் குழிந்து. இரவெல்லாம் மான் படுத்துக் கிடந்த இடம் அப்படித்தான் இருக்கும். மான்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 17, வெள்ளி. மறுபடியும் அதே கதை. இந்த முறை நின்று நிதானமாகப் பார்த்தாள். நான்கு படியிலும் பனி கலையாமல் கிடந்தது. முற்றத்திலும் தடம் இல்லை. வாரிய கோடுகள் எல்லாம் கதவடியிலிருந்துதான் தொடங்கின.

அதாவது, வாரியவர் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறார்.

பின்கதவின் தாழ்ப்பாள் அவள் போட்டது போட்டபடி இருந்தது. முன்கதவுக்கு யாரிடமோ மாற்றுச் சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினாள். அன்றைக்கே பூட்டை மாற்றினாள். பின்கதவுத் தாழ்ப்பாளில், யாராவது இழுத்தால் விழும்படி ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்தாள்.

அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. வாராமல் விட்ட இடம் இப்போது படிக்குப் பக்கத்தில் இல்லை. தளத்தின் நடுவில் இருந்தது.

ஜனவரி 22, புதன். மாலை 4.45. தளம் வாரியிருந்தது. தீக்குச்சி செருகியபடியே இருந்தது. வாராத இடம் கதவுக்கு இரண்டடி தூரத்தில்... அதற்கு இப்போது ஒரு வடிவம் வந்திருந்தது. ஒரு முனை உருண்டை. அதிலிருந்து ஒல்லியாக ஒரு நீட்டல், கதவைப் பார்த்து.

ஒரு கை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிப்பக்கமிருந்து சத்தம்.

"உனக்கு யாரு சொன்னது?"

வெண்டல். கோட்டுகூடப் போடாமல் நின்றார்.

"யாரு என்ன சொன்னது?"

"நடிக்காதே! ஆறு வருஷம் ஆச்சு. இப்ப வந்து குத்திக் காட்டுறியா? என் ஜன்னலுக்கு நேரா பனியில ஆள் உருவம் செஞ்சு வெச்சிருக்கே!"

"நான் செய்யல வெண்டல். நீங்கதான்னு நான்..."

"ஒரு வேலிப் பலகைக்கு இவ்வளவு வன்மமா?"

போய்விட்டார். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது, எல்லாம் இவர் வேலைதான் என்று மார்லிஸ் நினைத்தாள். நினைத்துப் பார்த்தும் மனம் ஆறவில்லை.

ஜனவரி 24, வெள்ளி. பனிப்புயல். பள்ளிக்கூடம் விடுமுறை. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். தாழ்ப்பாள் போட்டு, கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பின்கதவு கெட்டிப் பலகை, கண்ணாடி கிடையாது. ஜன்னலிலிருந்து தளம் தெரியாது.

பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. 5.20-க்கு இருட்டிவிட்டது. தளத்தில் ஒன்றரை அடி நின்றிருக்கும். வெளியே போய் வார வேண்டும். போக மனம் வரவில்லை.

5.34.

சர்ர்ர்ர்...

பிளாஸ்டிக் பனிவாரி பலகையில் உரசும் சத்தம். கதவுக்கு அந்தப்பக்கம். கையெட்டும் தூரத்தில்.

சர்ர்ர்ர்... கொஞ்சம் நின்றது... சர்ர்ர்ர்...

நிதானமாக, பழகிய கை. கதவிலிருந்து படி வரைக்கும். திரும்பக் கதவிலிருந்து படி வரைக்கும். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் வளைந்து போனது.

5.38. நின்றுவிட்டது.

மார்லிஸ் எழுந்தாள். அடுப்பின் மேலிருந்த இரும்பு வறுசட்டியை எடுத்துக்கொண்டாள். எழுந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு கழன்று எங்கேயோ போனது.

இப்போது வேறு சத்தம்.

ஏதோ இழுபடுகிறது. படிப்பக்கமிருந்து... கதவைப் பார்த்து. கொஞ்ச தூரம். அப்புறம் நிற்கிறது. மறுபடி கொஞ்ச தூரம்.

மூச்சு வாங்கும் சத்தம்.

"யாரு?"

இழுபடும் சத்தம் நின்றது.

டொக்.

கதவின் அடியில். கணுக்கால் உயரத்தில்.

டொக்... டொக்.

முன்கதவு வழியாக ஓடிவிடலாம். கார்ச் சாவி கோட்டுப் பையில் இருக்கிறது. அவளுக்கு அது தோன்றாமல் இல்லை.

டொக்...

இந்த முறை சத்தம் மெலிந்திருந்தது. கையில் வலு இல்லாதவர்கள் தட்டுவது போல.

5.42.

வறுசட்டியை ஓங்கிக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

தளம் வாரியிருந்தது. வாராத இடம் என்று எதுவும் இல்லை. வெறும் பலகை. அதற்கப்பால் இருட்டில் பனி விழுந்துகொண்டிருந்தது.

செருப்பில்லாத அந்தக் காலை மட்டும்... சில்லென்று ஏதோ உரசிக்கொண்டு உள்ளே போனது.

கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலத்தில் யாரும் அவள் தளத்தை வாரவில்லை. விழுந்த பனியெல்லாம் அவள் வாரும்வரை அப்படியே கிடந்தது. நடந்ததை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேருந்து ஓட்ட விடுவார்களா?

மே மாதம் பனி உருகியது. தச்சர் வந்து கட்டையை மாற்றினார். உறைந்த மண் உந்தித் தள்ளி வேலிக்கம்பங்கள் கோணிக்கொண்டு நின்றன. ஒரு சனிக்கிழமை வெண்டல் தானாகவே கடப்பாரையோடு வந்தார். இரண்டு கம்பம் நட்டு முடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு நிசமாவே தெரியாதா?"

"தெரியாது."

"உனக்கு முன்னாடி இங்க ஆர்விட்டும் அவன் பெண்டாட்டி எல்னாவும் இருந்தாங்க. ஆர்விட்டுக்குக் கடைசியில நெனப்பு தப்பிப்போச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், அவன் தளத்துல பனி வாரிக்கிட்டிருக்கான். எல்னா படிகிட்ட வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சுபோச்சு. அவன் பாட்டுக்கு அவங்களைச் சுத்தி வாரிட்டு, உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துட்டான். அவங்க பத்தடியும் ஊர்ந்தே வந்திருக்காங்க."

மார்லிஸ் தளத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. அந்த வருஷம் இதே வேலித் தகராறுல பேச்சுவார்த்தை கிடையாது. புருஷன் பெண்டாட்டி சண்டைன்னு திரையை இழுத்து விட்டுட்டேன்." கடப்பாரையைக் கீழே வைத்தார். "போகல நான்."

மார்லிஸ் கேட்டாள்.

"கதவுகிட்டயே செத்துட்டாங்களா?"

வெண்டல் நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தாங்களா? யாரு சொன்னா? எல்னா உயிரோடதான் இருக்காங்க. விஸ்கான்சின்ல, மக வீட்டுல. ஆர்விட்தான் போயிட்டான்."

"அப்ப... கதவைத் திறந்தது ஆர்விட்டா?"

"அவன் நாற்காலியை விட்டு அசையல. எல்னா போலீஸ்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க. யாரோ ஒரு பொம்பளை திறந்தாளாம். அம்பது வயசிருக்குமாம். ஒரு கால்ல செருப்பு இல்ல. கையில வறுசட்டிய ஓங்கிக்கிட்டு நின்னாளாம். 'என்னைப் பார்க்கவே இல்ல, என் தலைக்கு மேல எங்கயோ பார்த்தா, நான் அவ காலை உரசிக்கிட்டு உள்ள ஊர்ந்து போய் போனை எடுத்தேன்'னாங்க. குளிர்ல மூளை கலங்கியிருக்கும்னு போலீஸ்காரங்க எழுதிக்கிட்டுப் போனாங்க."

மார்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளை யாருன்னு கண்டுபிடிச்சு நன்றி சொல்லணுமாம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டையில எழுதுறாங்க, பாவம்."

விஸ்கான்சினில் அந்த மகள் வீடு காரில் நான்கு மணி நேரம். விலாசம் மார்லிஸிடம் இருக்கிறது.

அவள் இன்னும் போகவில்லை.