ஆய்வாளர் சமைத்த ஆறின பாஸ்தா

என் தங்கை வீட்டுக்காரரை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஆய்வாளர் என்றால் போதும். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். அவர் ஒரு லிஃப்டையும் செய்ததில்லை, ஒரு திருகாணியைக்கூட முடுக்கியதில்லை. யாரோ எண்ணெயும் அழுக்குமாய் நின்று மாட்டிய லிஃப்டுக்குள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி, இரண்டு குதி குதித்து, சுவரில் காதை வைத்துக் கேட்டு, "சத்தம் வருதே" என்பார். அதற்குச் சம்பளம்.

அந்த வேலையை அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன வந்தது? வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் வாயை அசை போடுவார். என் தங்கை கையும் கரண்டியுமாகப் பக்கத்தில் நிற்பாள். கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார்: "உப்பு ஒரு கல்லு கம்மி." மறுநாள் ஒரு கல் கூடுதல். உப்பு சரியாக இருந்தால் சூடு பத்தாது. எல்லாமே அமைந்து தொலைத்தால், "ம்... போன தடவ இதவிட நல்லா இருந்துச்சு" என்பார். போன தடவை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? இதில் வெட்கம்கெட்ட விஷயம், நொட்டை சொன்ன கையோடு இரண்டாவது தடவையும் போடச் சொல்லிச் சாப்பிடுவார். தொப்பை சும்மா வந்ததில்லை.

நான் சலவைக் கடைக் கவுண்டரில் நிற்கிறவள். கறையைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன். இந்த மனிதர் சட்டையில் ஒரு நாளும் ஒரு கறை இருந்ததில்லை. வேலை செய்கிறவன் சட்டையில்தானே படும்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் என் தங்கை ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தொட்டுப் பார்த்தால் அவள் நெற்றி கொதித்தது. அடிதடியா, சண்டையா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லக்கா. இருபத்தாறு வருஷமா பரீட்ச எழுதிட்டே இருக்கேன். ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். இன்னிக்குக் காய்ச்சலோட நின்னு சூப்பு வெச்சேன். வழக்கம்போலக் கண்ண மூடிக்கிட்டாரு. அவரு கண்ணத் தொறக்கறதுக்குள்ள கெளம்பி வந்துட்டேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவளுக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் போன வாரம் வரைக்கும்தான்.

போன வாரம் ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். "அண்ணி, ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. நானே சமைக்கிறேன். ஏசியன் ஸ்டைல் கோல்ட் பாஸ்தா சாலட்."

மூச்சு விடாமல் சொன்னார். பாஸ்தாவை வேகவைத்து ஆறவைத்து, நாலு காயை நறுக்கிப் போட்டு, சோயா சாஸை ஊற்றிக் கிண்டுவதற்கு இத்தனை பந்தா. பாதி உலகத்தையே ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கப் போகிற நினைப்பு. இதில் இன்னொரு கூத்து, அதே சாலட்டை என் தங்கை தன்னோடு வேலை பார்க்கிறவளிடம் கேட்டுவந்து ஒரு கோடைகாலத்தில் ஆசையாகச் செய்து வைத்தாள். "ஆறிப்போனதயெல்லாம் கொண்டாந்து வெச்சுட்டு சாப்பாடுங்கறே" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்த மகராசன் இவர்தான்.

அதைச் சொன்னேன். அவளுக்கு உறைக்கவில்லை. "நான் செஞ்சத இன்னும் ஞாபகம் வெச்சிருக்காரு பாருக்கா" என்று உருகினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பார்க்கிறேன், கையில் அந்தப் பை. மடித்த துணிகள், சீப்பு, மாத்திரை டப்பா எல்லாம் உள்ளே. எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்க்கா" என்றாள். எனக்கா புரியாது? மனிதர் இரண்டு வார்த்தை இதமாகப் பேசினால் பை அங்கேயே தங்கிவிடும். பேசாவிட்டால் என்னோடு திரும்பும்.

ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்தவர் புது ஏப்ரன் கட்டியிருந்தார். விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. "நீ உக்காரு. இன்னிக்கு நீ கெஸ்ட்டு" என்று என் தங்கையைச் சமையலறையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆள் பார்க்காமல் சமைத்தால் அவருக்கு எப்படி இறங்கும்? பையைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

வீடியோவில் பார்த்தாராம். அதில் வருகிற மாதிரியே இஞ்சிக்கு ஒரு கிண்ணம், பூண்டுக்கு ஒரு கிண்ணம், எள்ளுக்கு ஒரு கிண்ணம், தேனுக்குக்கூடத் தனியாக ஒரு கிண்ணம். அந்த வீட்டில் இத்தனை கிண்ணம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாரே தவிர, எது எங்கே இருக்கிறது என்று மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"வடிகட்டி எங்க?"

"சிங்குக்குக் கீழ, எடது பக்கம்."

"தண்ணி கொதிக்குது. போட்டுடவா?"

"உப்புப் போட்டீங்களா?"

"போடத்தான் போறேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

சுருள் பாஸ்தாவை வடித்து அப்படியே ஆவி பறக்க வைத்துவிட்டு நின்றார். "பச்சத் தண்ணில அலசுங்க, ஒட்டிக்கும்" என்றாள் என் தங்கை. "அதத்தான் வீடியோவுலயும் சொன்னான்" என்று அலசினார். எள்ளைக் கருக்கினார். "அடுப்ப அணைச்சுட்டு அந்தச் சூட்டுலயே வறுங்க" என்றதும் இரண்டாவது தடவை பொன்னிறமாக வந்தது. முட்டைக்கோஸைக் கட்டைவிரல் தடிமனுக்கு நறுக்கினார். அவளுடைய விரல்கள் மடியிலேயே மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தன. சோயா சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தபோது, "போதும் போதும், அதுலயே உப்பு இருக்கு" என்று பாதி எழுந்தேவிட்டாள். "வினிகர் இன்னும் ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க. ஜில்லுன்னு ஆனா புளிப்பு நாக்குக்குத் தெரியாது" என்றாள். ஊற்றினார். கடைசியில் நல்லெண்ணெய் ஒரு சுற்று. நாற்காலியில் இருந்தபடியே அவள் சமைத்து முடித்தாள். கை மட்டும்தான் அவருடையது.

ஒரு சொட்டு சோயா அவர் சட்டைக் கையில் தெறித்தது. பாம்பு கொத்தின மாதிரி குதித்தார். "அண்ணி, இது போயிடும்ல?" என்று என்னிடம் நீட்டினார். உடனே அலசினால் போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை.

சாலட் குளிர்ப்பெட்டிக்குள் போனது. சிங்கைப் பார்த்தேன். கிண்ணங்கள், பானை, கருகிய வாணலி, மூன்று கத்தி, துருவி எல்லாம் குழாய் வரைக்கும் குவிந்திருந்தன. அவர் ஏப்ரனைக் கழற்றி அதன் மேலேயே போட்டுவிட்டு வந்து, சமைப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, கொஞ்சம் கவனம்தான் வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். என் தங்கை சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்துபோய்ச் செருப்பு அலமாரியிடம் கிடந்த பையை எடுத்து, உள்ளே படுக்கையறைக் கதவோரமாக வைத்துவிட்டு வந்தாள். எனக்கு அவளைப் பளாரென்று அறையலாம் போல இருந்தது.

சாலட் மேசைக்கு வந்தது. முதலில் அவர்தான் எடுத்தார். கண்ணை மூடினார். மென்றார். என் தங்கை பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறந்தார்.

"பிரமாதம்! ஒரு கொற சொல்ல முடியாது. உப்பு, புளிப்பு, எல்லாம் கச்சிதம். மொத தடவையிலயே!"

இருபத்தாறு வருடமாக ஒரு மனுஷி காத்துக்கிடந்த வார்த்தை. அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். நான் என் தங்கை முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது.

அவளும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். "எப்படி?" என்றார் அவர்.

"நல்லா இருக்குங்க" என்றாள் உடனே.

"எனக்குத் தெரியும்!"

"நெஜமாவே நல்லா இருக்கு. பாருங்க, அதச் சொல்றதுக்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகல."

அந்த மண்டையில் ஏதாவது ஏறினால்தானே? "இனிமே வாரா வாரம் செஞ்சு தர்றேன்" என்றார் தாராளமாக. இரண்டாவது தடவை போட்டுக்கொண்டே, "அந்தப் பாத்திரத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா கழுவு" என்றார்.

என் தங்கை தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எழுந்துபோய்க் குவியலுக்கு நடுவில் கைவிட்டுக் குழாயைத் திறந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் தன் தட்டையும் என் தட்டையும் மட்டும் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கதவோரத்தில் இருந்த பையை எடுத்தாள்.

"வாக்கா, போலாம்."

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை, அவ்வளவு வேகமாகக் கிளம்பினேன். அவர் முள்கரண்டியும் கையுமாக வராந்தா வரைக்கும் ஓடி வந்தார். நாங்கள் லிஃப்டுக்குள் ஏறிவிட்டோம். முகத்தில் குழப்பமென்றால் அப்படி ஒரு குழப்பம். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு மனிதருக்குத் தோன்றியது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏன், சாலட்ல ஏதாவது கொறையா?"

"ஒரு கொறயும் இல்லங்க" என்றாள் என் தங்கை.

கதவு மூடியது. லிஃப்ட் கீழே இறங்கியது. சத்தமே வரவில்லை.