அழிய மறுத்த சிப்புகள்

எண்பதுகளின் பிற்பாதி. ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நடந்துவந்த சின்னக் கம்பெனியில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கீழே டிவி, ரேடியோ ரிப்பேர். மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும், எனக்கு மூத்தவராக இருந்த ஓர் அண்ணனும், அவ்வளவுதான். முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் திட்டுவதில் என்னையே மிஞ்சிவிடுவார்.

ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களுக்காக நாங்கள் ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். குட்டையில் தண்ணீர் இறங்கினால் அது கத்தும். அங்கெல்லாம் கரண்ட் கிடையாது. அதனால் மிகமிகக் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கிற ஒரு சிப்பை அதில் வைத்திருந்தோம். டார்ச் லைட் பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓடும். அந்தச் சிப்பின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் அதை வைத்தால், வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே போய்ப் பழைய புரோகிராமை அழித்துவிடும். பிறகு கம்ப்யூட்டரோடு சேர்ந்த கருவியில் செருகிப் புதிதாக எழுதலாம். புதுச் சிப் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆகவே இருப்பதையே அழித்து அழித்து எழுதுவோம்.

அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு மீன் பண்ணைக்காரர் மட்டும், தன் குட்டைக்கு ஏற்றபடி புரோகிராமை மாற்றிய பெட்டி வேலை செய்வதை நேரில் பார்த்தால் ஆர்டர் தருகிறேன் என்றிருந்தார். அதுவும் கைநழுவினால் மாடியை மூடிவிடுவது என்பது தவுக்கேயின் முடிவு. அண்ணனுக்குக் கீழே டிவி ரிப்பேர் வேலை இருக்கும். எனக்கு எதுவும் இருக்காது. அம்மா அப்போதும் ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கே பால் வாளி தூக்கியவள்தான். மறுபடி அந்த வாளியைத் தூக்க எனக்கு மனமில்லை.

இந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூஜை போடச் சொன்னதே தவுக்கேதான். எல்லாச் சாமியும் நம்ம சாமி என்பது அவர் கட்சி. அண்ணன் மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார், சூடம் காட்டினோம், பொரிகடலை தின்றோம், வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பிடித்தது சனியன். சிப்பை விளக்குப் பெட்டியில் வைக்கிறேன், எடுக்கிறேன், எழுதுகிறேன். எழுதியது சரியாகப் பதிந்ததா என்று பார்த்தால் தப்பு என்கிறது கருவி. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. உள்ளே பழைய புரோகிராம் அரைகுறையாக ஒட்டிக்கொண்டே இருந்தது. விளக்குக்கு வயதாகிவிட்டதோ என்று வேறு விளக்கு மாட்டினோம். வோல்டேஜை அளந்தோம். கேபிளை மாற்றினோம். கம்ப்யூட்டரையே கழற்றித் துடைத்துப் பூட்டினோம். ம்ஹூம்.

கடைசியில் அண்ணன் என்னையே கைகாட்டினார். நான் போட்டிருக்கும் நைலான் சட்டையிலிருந்து மின்சாரம் ஏறிச் சிப்பைக் கெடுக்கிறதாம். நைலானால் அப்படி ஆவதுண்டுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சேர்ந்த நாளிலிருந்து நைலான்தானே போடுகிறேன்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போய் அவர் கண்முன்னாலேயே எழுதிக் காட்டினேன். அப்போதும் தப்பு. அதோடு சட்டைப் பேச்சை விட்டார். ஆனாலும் சிப் அழியவில்லையே.

பண்ணைக்காரர் வருவதாகச் சொன்ன நாளும் நெருங்கிவிட்டது. தவுக்கே என்னைக் கீழே கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"போதும்லா. இந்த மாசத்தோட மேல மூடிருவோம். ஒனக்கு வேற எடத்துல சொல்லி விடுறேன்."

சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்து அழுதேன். இவ்வளவு உழைத்தும் போ என்கிறாரே, இவரும் ஒரு மனுஷனா என்று மனதுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே மேஜையை ஒழிக்க ஆரம்பித்தேன். விளக்குப் பெட்டியில் கடைசியாக வைத்த சிப்புகள் கிடந்தன. விளக்கை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். சூட்டோடு சந்தன வாசனை வந்தது.

என் நெற்றியிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அன்று நான் சந்தனம் வைக்கவே இல்லை. ஒரு சிப்பை எடுத்து மோந்து பார்த்தேன். கோயில் வாசனை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியின் மேல் பனி படர்ந்ததுபோல மங்கலாக ஒரு பூச்சு. வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுத்தது இதுதானோ? ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்து, மறுபடி விளக்கில் வைத்து எடுத்து எழுதினேன். பதிந்தது. இன்னொரு தடவை சரிபார்த்தேன். அப்போதும் சரி என்றே காட்டியது.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தைவிட, அண்ணன் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. அவர் அப்போது கீழே கடையில் இருந்தார். தடதடவென்று இறங்கினேன். சிப்புக்கெல்லாம் சந்தனம் பூசிவிட்டு என் சட்டைமேல் பழி போட்டீங்களா என்று கடை அதிரக் கத்தினேன். அவர் மெஷினைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்.

காப்பி குடித்துக்கொண்டிருந்த தவுக்கே கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன் இல்ல. நான்தான் வெச்சேன். மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க. வேல செய்யப் போறது இந்தக் குட்டிச் சாமான்தானே, அத விட்டுட்டீங்களேன்னு நீங்க போனப்புறம் ஒவ்வொண்ணுக்கா வெச்சேன். காலையில ஈரத்துணியால தொடைச்சும் வெச்சேனே."

என்னத்துக்குத் தவுக்கே, என்று கேட்டேன்.

"ஒன்ன நிறுத்தாம இந்த வருசத்த ஓட்டிறணும்னு வேண்டிக்கிட்டேன்லா."

திட்டுவதற்கு நாக்கு நுனியில் எவ்வளவோ வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. கூடவே சிரிப்பும். என் வேலை போகக் கூடாது என்று அவர் வைத்த பொட்டே என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்திருக்கிறது.

மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து சிப்புகளைத் துடைத்தோம். பொட்டை அழித்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று தவுக்கே என்னிடம் மெதுவாகக் கேட்டார். நீங்கள் வேண்டியது சாமி காதில் விழுந்ததால்தானே வாசனையைக் காட்டிக் கொடுத்தது என்றேன். அதில் அவருக்குப் பரம திருப்தி.

பண்ணைக்காரர் சொன்னபடி வந்தார். குட்டைக்கே போய்த் பெட்டியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்த கம்பியைத் தன் கையாலேயே வெளியே தூக்கிப் பார்த்தார். பெட்டி போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த வாத்துகள் நாலாபக்கமும் ஓடின. ஆர்டர் கிடைத்தது. மாடி மூடப்படவில்லை. கல்யாணமாகித் தைப்பிங் போகிறவரை நான் அங்கேதான் வேலை பார்த்தேன்.

இரக்கமே இல்லாதவர் என்று நான் சபித்துக்கொண்டிருந்த மனிதர், எனக்குத் தெரியாமல் எனக்காக வேண்டிக்கொண்டவர். இன்றும் ஏதாவது கெட்டுப்போய், யார் பார்த்த வேலை இது என்று கொதித்து எழும்போது, அதைச் செய்த கை ஒருவேளை எனக்காகக் கும்பிட்ட கையாகவும் இருக்கலாமே என்று ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.